புரோக்கர் எடுத்துத் தந்த லைசன் கடல் தாண்டாது



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளையை டிரைவர் வேலைக்கு வெளிநாடு அனுப்ப நினைத்திருக்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கள். பயணத்துக்கு ஆயத்தமாக இருக்கும் தம்பிமார் இரண்டு தடவை வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விட்டு வெளியே வரும்போது என்னிடம் படித்த ஒரு பிள்ளை கேற்றடியில் நின்றான். முகமெல்லாம் சந்தோசம்.

"ஸேர், ஹவுஸ் டிரைவர் விசா வந்திட்டு. அடுத்த மாசம் பயணம். துஆ செய்யுங்க."

"மாஷா அல்லாஹ். கார் எங்க பழகின மகன்?"

"கார் பழகல்ல ஸேர். ஓட்டோ ஓட்டுவன்தானே. லைசன் கையில இரிக்கி. புரோக்கர் ஒராள் எல்லாம் பாத்துச் செஞ்சு தந்தாரு. காரை அங்க போய்ப் பழகலாம் என்டு சொன்னாங்க."

எனக்கு அப்படியே நெஞ்சு அடைத்துவிட்டது. ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன்னர் இதே கேற்றடியில் இன்னொரு மாணவன் கிட்டத்தட்ட இதே வார்த்தையைச் சொன்னான். அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. "மப்ரூக்" என்று கைகொடுத்து அனுப்பிவிட்டேன். அவனுக்கு என்ன நடந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் என்னுடைய கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் "கரும்பலகைக்கு முன்னால நிக்கிற வாத்தியாருக்கு வளைகுடா ரோட்டைப் பற்றி என்ன தெரியும்" என்று யாராவது கொமண்ட் போடுவீர்கள்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசை, கேஸ் வரிசை, சம்பளம் பத்தாம் திகதியோடு முடிந்துபோன காலம். அரசாங்க ஊழியர்கள் ஐந்து வருடம் வரைக்கும் சம்பளமில்லாத விடுமுறை எடுத்து வெளிநாடு போகலாம் என்று அந்த வருடம் சுற்றுநிருபம் வந்தது. எத்தனையோ ஆசிரியர்கள் போனார்கள். நானும் போனேன். டுபாயில் ஒரு களஞ்சியசாலையில் கணக்குப் பார்க்கும் வேலை. அந்த நாட்டு லைசன் எடுத்தால் வேன் தருவோம், சம்பளமும் கூடும் என்றார்கள்.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. பதினேழு வருடமாக வாகனம் ஓட்டுகிறவன் நான். பைக், வேன், ஹயஸ் எல்லாம் ஓடியிருக்கிறேன். நோன்புப் பெருநாள் காலத்தில் இரவோடு இரவாகக் கொழும்புக்குப் போய் விடியும்போது திரும்பி வந்திருக்கிறேன். எனக்கு லைசன் எடுப்பது ஒரு வேலையா என்று நினைத்தேன்.

அங்கேதான் முதலாவது அடி. ஐக்கிய அரபு இராச்சியத்தில் சில நாடுகளின் லைசனைக் கொடுத்தால் சோதனை இல்லாமல் உள்ளூர் லைசன் மாற்றித் தருவார்கள். வளைகுடா நாடுகள், பிரித்தானியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகள் பல, ஜப்பான் என்று அந்தப் பட்டியல் போகும். எங்கள் நாடு அதில் இல்லை. அதனால் முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி அடியிலிருந்து தொடங்க வேண்டும். கண் பரிசோதனை, பாட வகுப்பு, எழுத்துச் சோதனை, பார்க்கிங் சோதனை, கடைசியாக ரோட்டுச் சோதனை. ஊர் லைசனால் கிடைக்கும் ஒரே சலுகை, கட்டாயப் பயிற்சி மணித்தியாலம் குறைவது. புதியவருக்கு 20 மணித்தியாலம். ஐந்து வருடத்துக்கு மேல் லைசன் வைத்திருந்தவன் என்பதால் எனக்கு 10.

எழுத்துச் சோதனையைத் தமிழிலேயே செய்யலாம். கணினியில் கேள்வி வரும், காதில் மாட்டினால் வாசித்தும் காட்டும். வாத்தியார் அல்லவா, முதல் தடவையே பாஸ். பார்க்கிங்கும் இரண்டாம் தடவையில் சரிவந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ரோட்டுச் சோதனைக்குப் போனேன்.

மூன்று தடவை பெயில்.

பரிசோதகர் பக்கத்தில் இருப்பார். பின் இருக்கையில் சோதனைக்கு வந்த மற்ற இரண்டு பேர் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் பெயிலாவது என்பது, ஒன்பதாம் வகுப்பில் மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் எழுப்பி நிறுத்தப்படுவது போன்றது. எத்தனை பிள்ளைகளை நான் அப்படி எழுப்பி நிறுத்தியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தேன்.

முதல் பெயில், ஸ்டொப் கோட்டில். நான் வேகத்தைக் குறைத்தேன், இரண்டு பக்கமும் பார்த்தேன், ஒருவரும் இல்லை, போனேன். பரிசோதகர் ஒரு வார்த்தைதான் சொன்னார்: "ஸ்டொப் என்றால் ஸ்டொப்." சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். எங்கள் ஊரில் ஸ்டொப் பலகைக்கு முன்னால் முழுதாக நின்ற ஒரு வாகனத்தை நீங்கள் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

இரண்டாவது, நிரல் மாறும்போது. கண்ணாடி பார்த்தேன், சிக்னல் போட்டேன், மாறினேன். தலையைத் திருப்பித் தோளுக்கு மேலால் பார்க்கவில்லை. கண்ணாடியில் விழாத ஒரு மூலை எல்லா வாகனத்துக்கும் உண்டு. அந்த மூலையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்துகொண்டிருந்தது. பரிசோதகர் தன் பக்கத்து பிரேக்கை மிதித்த பிறகுதான் எனக்கே தெரியும்.

மூன்றாவது, சுற்றுவட்டத்தில். எங்களுக்கு இடப்பக்க ஓட்டம், வலப்பக்கத்தால் வருகிறவருக்கு வழிவிட்டுப் பழக்கம். அங்கே எல்லாம் தலைகீழ். வலப்பக்க ஓட்டம், சுற்றுவட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும், இடப்பக்கத்தால் வருகிறவருக்கு வழிவிட வேண்டும். மூளைக்குத் தெரிகிறது. ஆனால் பதினேழு வருடப் பழக்கம் என் கழுத்தை வலப்பக்கமாகவே திருப்பியது. இடப்பக்கத்தால் வந்த லொறி ஹோர்ன் அடித்த சத்தம் இன்னும் காதில் கேட்கிறது.

ஒவ்வொரு பெயிலுக்கும் திரும்பக் காசு, திரும்ப வகுப்பு. நாலாவது தடவைதான் பாஸ். மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஐயாயிரம் திர்ஹத்துக்கு மேல். எங்கள் காசில் நாலு லட்சம் ரூபாய்க்கும் கூட. மனைவி ஊரில் நகை அடகு வைத்து அனுப்பிய காசும் அதில் இருந்தது.

அந்த நாட்களில் எனக்குச் சரியான கோபம். "எங்கட ஆக்கள்ட காசைப் பிடுங்குறதுக்குத்தான் இந்த விளையாட்டு" என்று அறையில் எல்லோரும் பேசுவோம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. கட்டணம் கூட. மாதம் ஆயிரத்து ஐந்நூறு திர்ஹம் எடுக்கும் தொழிலாளிக்கு அது மூன்று நாலு மாதச் சம்பளம். பட்டியலில் உள்ள நாட்டுக்காரன் ஒரே நாளில் லைசனோடு போகும்போது நாங்கள் மாதக்கணக்கில் வரிசையில் நிற்பது வலிக்கத்தான் செய்யும். எங்கள் நாடு 2025 ஓகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே வெளிநாட்டு உல்லாசப் பயணிகளுக்குத் தற்காலிக லைசன் கொடுக்கத் தொடங்கியது. டுபாயில் எங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

ஆனால் கோபம் ஆறிய பிறகு ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நான் பெயிலான மூன்று காரணத்தில் ஒன்றுகூட அநியாயம் இல்லை. மூன்றும் ஆளைக் கொல்லக்கூடிய பிழைகள். பதினேழு வருடமாக நான் நல்ல டிரைவர் என்று நினைத்துக்கொண்டிருந்தது, அல்லாஹ் காப்பாற்றியதைத்தான்.

இப்போது அந்த மாணவனின் கதைக்கு வருகிறேன். பெயர், ஊர், நாடு எதுவும் சொல்ல மாட்டேன். கொமண்டில் யாரும் ஊகித்து எழுதவும் வேண்டாம், அந்தக் குடும்பம் பட்டது போதும்.

அவனும் புரோக்கர் மூலம் எடுத்த லைசனோடுதான் போனான். ஓட்டோ நன்றாக ஓட்டுவான். கார் ஸ்டியரிங்கைப் பிடித்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான். போய் இறங்கி இரண்டாம் நாளே கபீல் கார்ச் சாவியைக் கையில் கொடுத்திருக்கிறார். உள்ளூர் லைசன் இன்னும் எடுக்கவில்லை என்று இவன் சொல்லியிருக்கிறான். "பரவாயில்லை, பிள்ளைகளை ஸ்கூலுக்கு மட்டும் கொண்டு போய் விடு, லைசன் பிறகு எடுப்போம்" என்றாராம். புதிதாக வந்த பிள்ளை, முதலாளியிடம் எப்படி மாட்டேன் என்பது? ஓடினான். ஒரு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் அதிகாலை, பிரதான வீதியில் ஏறும் இடத்தில், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்ற அதே குழப்பம். சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு பங்களாதேஷ் தொழிலாளி அந்த இடத்திலேயே மௌத்தானார். அவரும் யாரோ ஒரு உம்மாவின் பிள்ளை. அவரும் கடன்பட்டுத்தான் வந்திருப்பார்.

செல்லுபடியாகும் லைசன் இல்லாமல் ஓடிய வாகனம். காப்புறுதி கைவிட்டுவிட்டது. கபீல், தான் ஓடச் சொல்லவில்லை என்றார். மிச்சம் இருந்தது எங்கள் பிள்ளையும் தியத்தும்தான்.

தியத் தொகை எவ்வளவு என்று எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. விபத்தில் ஓர் உயிர் போனால் சவூதியில் 2011இலிருந்து மூன்று லட்சம் ரியால். கட்டாரில் இரண்டு லட்சம் ரியால். ஐக்கிய அரபு இராச்சியத்தில் இரண்டு லட்சம் திர்ஹம். இலங்கைக் காசில் சவூதிக் கணக்கு இரண்டு கோடியைத் தாண்டும், மற்ற இரண்டும் ஒன்றரைக் கோடிக்கு மேல். முறையான லைசன் இருந்தால் பொதுவாகக் காப்புறுதி இதைப் பொறுப்பெடுக்கும். லைசன் இல்லையென்றால் காப்புறுதி நிறுவனம் கைவிரிக்கலாம், அல்லது கொடுத்துவிட்டு டிரைவரிடமே திருப்பிக் கேட்கலாம். இரண்டு கோடிக்கும் மறியலுக்கும் நடுவில் நிற்பது அந்தச் சின்னக் கார்ட்தான்.

ஊரில் என்ன நடந்தது தெரியுமா? தங்கச்சிக்கென்று வைத்திருந்த வளவை விற்றார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளியில் துண்டு விரித்தோம். நானும் ஐயாயிரம் போட்டேன். வெளிநாட்டிலுள்ள எங்கள் பிள்ளைகள் சேர்ந்து கொடுத்தார்கள். இவ்வளவும் செய்து அவன் வெளியே வர மூன்று வருடத்துக்கும் மேல் ஆனது. அவன் மறியலில் இருக்கும்போதே வாப்பா மௌத்தாகிவிட்டார். ஜனாஸாவை வீடியோ கோலிலும் பார்க்கக் கிடைக்கவில்லை.

திரும்பி வந்த பிறகு ஒரு நாள் என்னிடம் வந்தான். "ஸேர், சல்லி எல்லாம் கட்டி முடிஞ்சிட்டு. ஆனா அந்த மனிசன் கண்ணுக்குள்ளயே நிக்கிறாரு" என்றான். இரண்டு மாதம் தொடர்ச்சியாக நோன்பு பிடித்தான். கொல்ல வேண்டுமென்ற எண்ணமே இல்லாமல் தவறுதலாக ஓர் உயிர் போனாலும் குடும்பத்துக்குத் தியத், அல்லாஹ்வுக்குக் கஃப்பாரா என்று சூரத்துன் நிஸாவின் 92ஆவது வசனத்தில் இரண்டும் வருவதை நாமெல்லாம் மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். அதன் பாரத்தை அவன் முகத்தில்தான் நான் முதன்முதல் பார்த்தேன்.

இப்போது என் கேள்வி அவனிடமும் இல்லை, கபீலிடமும் இல்லை. எங்களிடம்தான். விபத்து நடந்த பிறகு துண்டு விரிக்கத் தெரிந்த ஊர், பயணம் போகும் முன்னர் "உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா மகன்?" என்று ஒரு வார்த்தை கேட்டதா? நான் கேட்கவில்லை. அந்தக் குற்றவுணர்வில்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் நாட்டுச் சட்டத்தில் பெரிய குறை இல்லை. மருத்துவச் சான்றிதழ் எடுக்க வேண்டும். எழுத்துப் பரீட்சை தமிழிலும் இருக்கிறது. எல் போர்ட் போட்டுக் குறைந்தது மூன்று மாதம் பழகிய பிறகுதான் செய்முறைப் பரீட்சை. இந்த மூன்று மாதம் எதற்கென்று நினைக்கிறீர்கள்? பழகுவதற்கு. நாங்கள் அதை வீட்டில் சும்மா இருந்து கழித்துவிட்டு, பரீட்சைக்கு முதல் நாள் அரை மணித்தியாலம் ஓடிப் பார்த்துவிட்டுப் போகிறோம். மிச்சத்தைப் புரோக்கர் பார்த்துக்கொள்வார். "எவ்வளவு முடிஞ்ச?" என்று கேட்கிறோமே தவிர "எவ்வளவு நாள் ஓடின?" என்று யாரும் கேட்பதில்லை.

ரோட்டிலும் நாங்கள் அப்படித்தான். ஹெல்மட் பைக் ஹேண்டிலில் தொங்கும், பொலிஸ் நிற்கும் இடம் வந்தால் தலைக்கு ஏறும். டியூஷனுக்கு ஒரு பைக்கில் மூன்று பேர். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வாப்பாவே சாவியைக் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிறார். இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ரோட்டில் சாகிறார்கள். எங்கள் கல்முனை வீதியில் நடந்த ஜனாஸாக்களை நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த நாட்டுக்காரர்கள் எங்கள் லைசனை ஏன் நம்பவில்லை என்று கேட்கும் முன்னர், நாங்கள் எங்கள் லைசனை நம்புகிறோமா? புரோக்கரிடம் எடுத்த லைசனோடு வருகிறவனை உங்கள் பிள்ளையின் பாடசாலை வேனுக்கு டிரைவராக வைப்பீர்களா?

சிலர் சொல்வார்கள்: "ஸேர், புரோக்கரிடம் போகாட்டி பெயிலாக்கிறாங்க, ஏழை எத்தின தரம் அலையுற?" இதை நான் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவனுக்கு இரண்டாவது பயணம் கஷ்டம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இங்கே ஒரு தடவை பெயிலானால் சில ஆயிரம் ரூபாய் போகும். அங்கே ஒரு தடவை பெயிலானால் வகுப்புக் காசோடு பல்லாயிரம் போகும். ரோட்டில் பெயிலானால் வளவு போகும். பெயிலாக வேண்டுமென்றால் மலிவான இடத்தில் பெயிலாகுங்கள்.

இன்னொரு விசயம். நான் பாஸான பிறகு, 2023இல் டுபாயில் ஒரு புது ஏற்பாடு வந்தது. "கோல்டன் சான்ஸ்" என்பார்கள். பட்டியலில் இல்லாத நாட்டுக்காரரும் சொந்த நாட்டு லைசன் வைத்திருந்தால், கட்டாய வகுப்பு இல்லாமல் ஒரே ஒரு தடவை நேரடியாகச் சோதனைக்குப் போகலாம். செலவு சுமார் இரண்டாயிரத்து இருநூறு திர்ஹம். பாஸானால் லைசன் கையில். பெயிலானால் வழக்கமான வகுப்புக்குத் திரும்ப வேண்டும். யோசித்துப் பாருங்கள். ஊரில் ஒழுங்காகப் பழகிப்போன பிள்ளைக்கு இது பல லட்சம் மிச்சம். புரோக்கர் லைசன்காரனுக்கு இது இன்னொரு நட்டம்.

சரி, என்னதான் செய்வது? எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

1. விசாவில் என்ன தொழில் எழுதியிருக்கிறது, என்ன வாகனம் என்று முதலில் கேளுங்கள். கார் வேறு, பஸ், கனரக வாகனம் வேறு. சில நாடுகளில் கியர் வண்டிக்கும் ஓட்டோமெட்டிக்குக்கும் லைசன் வேறு வேறு. குவைத்தில் வெளிநாட்டவருக்கு லைசன் கொடுக்கப் பட்டப்படிப்பு, 600 தினார் சம்பளம், இரண்டு வருட வதிவு என்று பல வருடமாக நிபந்தனை வைத்திருந்தார்கள். வீட்டு டிரைவர் போன்ற தொழில்களுக்கு விலக்கு இருந்தது. அப்படிக் கிடைத்த லைசன், தொழில் மாறினால் பறிபோகலாம். அதனால் "எந்த விசாவிலயும் போ, அங்க மாத்தலாம்" என்பவரின் பேச்சைக் கேட்க வேண்டாம்.

2. பயணத்துக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போதே லைசன் எடுங்கள், எடுத்த பிறகு தொடர்ந்து ஓடுங்கள். லைசன் எடுத்த திகதிக்குப் பெறுமதி இருக்கிறது. டுபாயில் இரண்டு வருடம் தாண்டினால் பயிற்சி மணித்தியாலம் குறையும், ஐந்து வருடம் தாண்டினால் இன்னும் குறையும். காலாவதியாகும் லைசனைப் புதுப்பித்துக்கொண்டு போங்கள். அங்கே போய் அழுது பிரயோசனம் இல்லை.

3. சர்வதேச அனுமதிப்பத்திரத்தை நம்பி ஏமாற வேண்டாம். இலங்கை ஒட்டோமொபைல் சங்கம் கொடுக்கும் அந்தப் பத்திரம், ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்கு. டுபாய் போன்ற இடங்களில் வதிவிட விசா அடித்துவிட்டால் அந்த நாட்டு லைசன் கட்டாயம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் 2025 மார்ச் 29இலிருந்து நடைமுறைக்கு வந்த சட்டத்தில், அந்த நாடு ஏற்றுக்கொள்ளாத வெளிநாட்டு லைசனோடு ஓடிப் பிடிபட்டால் முதல் தடவைக்கே இரண்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் திர்ஹம் வரைக்கும் தண்டம்.

4. எழுத்துச் சோதனையைத் தமிழில் செய்ய முடிந்தால் தமிழிலேயே செய்யுங்கள். இங்கிலிஷில் செய்து யாருக்கும் பெருமை காட்டத் தேவையில்லை. கண்ணாடி போடுகிறவர் ஊரிலேயே கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

5. உள்ளூர் லைசன் கைக்கு வரும் வரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். கபீல் சொன்னாலும், கபீலின் வாப்பா சொன்னாலும் தொடாதீர்கள். "லைசன் இல்லாமல் ஓடினால் காப்புறுதி இல்லை, உங்கள் பிள்ளைகள்தான் காருக்குள் இருக்கிறார்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பெயரைச் சொன்னால் அநேகமானோர் யோசிப்பார்கள். கேட்கவே இல்லையென்றால் வீட்டுக்கு அறிவியுங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும்.

6. "காசு தந்தால் லைசன் செய்து தருவேன்" என்று அங்கேயும் ஆள் வரும். எங்கள் மொழி பேசுகிறவனாகவே வரும். போலி லைசன் பிடிபட்டால் மறியல், பிறகு நாடுகடத்தல்.

கடைசியாக ஊருக்கு ஒரு யோசனை. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பிள்ளைகள் பல மாதம் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த மாதங்களைத்தான் நாங்கள் முச்சந்தியில் வீணாக்க விடுகிறோம். பழைய மாணவர் சங்கமும் பள்ளி நிர்வாகமும் சேர்ந்து மாதம் ஒரு நாள் ஒரு வகுப்பு வைக்க முடியாதா? பெரிய செலவு ஒன்றுமில்லை. பாடசாலை மண்டபம் இருக்கிறது. வெளிநாட்டில் பத்து, பதினைந்து வருடம் வாகனம் ஓட்டித் திரும்பிய காக்காமார் ஊரில் எத்தனை பேர்! அவர்கள் வந்து பேசட்டும். வலப்பக்க ஓட்டம் எப்படி, சுற்றுவட்டத்தில் எந்த நிரல், சிவப்பு லைட்டைத் தாண்டினால் கட்டாரில் ஆறாயிரம் ரியால் தண்டம், ஐக்கிய அரபு இராச்சியத்தில் இருபத்துநாலு கறுப்புப் புள்ளி சேர்ந்தால் லைசன் முடக்கம் என்று மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டே காட்டலாம். சைக்கிளை வைத்தே சுற்றுவட்டத்தை எதிர்ப்பக்கமாகச் சுற்றிப் பழக்கலாம். எனக்கு அதைச் சொல்லித்தர ஆளில்லாமல்தான் அந்த லொறிக்காரன் சொல்லித்தந்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. அந்த நாட்டு ஸ்டொப் பலகையில் அறபில் "கிஃப்" என்று எழுதியிருக்கும். நில் என்று அர்த்தம். காஃப், ஃபே என்று இரண்டே எழுத்து. ஐந்து வயதில் மத்ரஸாவில் பிரம்படி வாங்கிப் படித்த எழுத்து. வாசிக்கத் தெரியும். நிற்கத்தான் பழக வேண்டும்.

கேற்றடியில் நின்ற அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்பீர்கள். அன்றைக்கு அவனை அப்படியே போக விடவில்லை. வீட்டுக்குக் கூட்டிப்போய், வாப்பாவையும் கூப்பிட்டு, இரண்டு மணித்தியாலம் பேசினேன். முதலில் வாப்பாவுக்குக் கோபம். "விசாக்குக் கட்டின சல்லி என்னாகுற ஸேர்?" என்றார். நியாயமான கேள்வி. நான் அந்த மற்றக் குடும்பத்தின் வளவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அந்த வளவு தெரியும், விற்கும்போது பக்கத்தில் இருந்தவர். அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. ஏஜென்சியோடு பேசிப் பயணத்தை இரண்டு மாதம் பிற்போட்டிருக்கிறார்கள். இப்போது அவன் தினமும் சுபஹுக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் கார் ஓடுகிறான். பக்கத்து இருக்கையில் நான். மூன்று தடவை பெயிலானவனுக்குத்தான் எங்கே பெயிலாவார்கள் என்று தெரியும்.

நேற்று மைதானத்தடிச் சந்தியில் ஒருவரும் இல்லை. காலை ஆறு மணி. அவன் கோட்டில் காரை முழுதாக நிறுத்தினான். பின்னால் வந்த பைக்காரர் ஹோர்ன் அடித்துவிட்டு ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போனார். "ஸேர், எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றான். சிரிக்கட்டும் மகன் என்றேன்.

இந்தப் பதிவுக்கு லைக் போடுவதை விட, பயணம் போக இருக்கும் ஒரு பிள்ளையிடம் "கார் எங்க பழகின?" என்று ஒரு தரம் கேளுங்கள். வகுப்பு நடத்த முன்வரும் காக்காமார் கொமண்டில் சொல்லுங்கள், சேர்ந்து செய்வோம் இன்ஷா அல்லாஹ். வெளிநாட்டில் ஸ்டியரிங் பிடித்திருக்கும் எங்கள் பிள்ளைகள் எல்லோரையும், அவர்கள் ஓடும் ரோட்டில் நடக்கும் மற்றவர்களின் பிள்ளைகளையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.